காதுகுத்து இல்லாத வீட்டுக்கு நூறு வாட்ஸ்

காலையில் முதல் வேலையாகப் பாட்டுப் போட்டேன். சத்தத்தைக் கூட்டியதும் ஸ்பீக்கர் கரகரத்தது.

ஆம்ப்ளிஃபயர் கடைக்குப் போய், "இருபது வாட்ஸ் பத்தலண்ணே, நூறு வாட்ஸ் இருக்கா?" என்றேன்.

"யாருக்கும்மா காதுகுத்து?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல பாட்டுக் கேக்கத்தாண்ணே."

"வீட்டுக்கு எதுக்கு அம்புட்டு? தெருவே எந்திரிச்சிரும்."

"சின்னதை முழுசாத் திருகுனாத்தாண்ணே கரகரங்குது. பெருசுன்னா பாதியிலயே தெளிவாப் பாடும்ல?"

அவர் சிரித்துக்கொண்டே, என் பட்ஜெட்டுக்குள் அடங்கும் பழைய நூறு வாட்ஸ் ஒன்றைத் துடைத்துப் பாடவிட்டுக் காட்டினார். கரகரப்பே இல்லை. வாங்கிவிட்டேன்.

"வீட்ல கேட்டா நாப்பதுன்னு சொல்லிக்க, தங்கச்சி."

புடவை விலையை அப்படிக் குறைத்துச் சொல்லியே பழகியவள் நான். இந்த முறை கணவரிடம் நூறு என்றே சொல்லப்போகிறேன். அவருக்கு இன்னும் தெரியாது.

உங்கள் வீட்டில் எத்தனை வாட்ஸ்? குறைக்காமல் சொல்லுங்கள்.