மலையாளக் கையில் ஆறு தொகைகள்

தேர்வில் தேறினால் பள்ளியில் என் தற்காலிகத் தமிழாசிரியர் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் ஜூனில் வேறு ஆள் வந்துவிடுவார். நடுவயதில் தொகைநிலைத் தொடர் ஆறையும் மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல காரணம் கிடையாது.

கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலை வீட்டில் அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடந்தபடி படித்தேன். 'சுடுசோறு' வினைத்தொகை, சுட்டதா, சுடுகிறதா, சுடப்போகிறதா என்று காலம் காட்டாது. என் வேலையும் அந்த இனம்தான். உம்மைத்தொகையில் 'உம்' மறைந்து நிற்கும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி குறுக்கே வந்தாள்.

"என்னத்துக்குக் கெடந்து நடக்கிய? மரச்சீனிக் கெழங்கும் மீனும் வச்சிருக்கு. 'உம்' ரெண்டையும் போட்டாக்கும் சொல்லியேன். இனி விரிச்சு விளக்காண்டாம், தின்னுங்க."

தின்றேன். எதைத் தின்றேன் என்பது நினைவில் நிற்கவில்லை.

நெய்யாற்றின்கரைத் தேர்வறையில் கடைசிப் பெரிய கேள்வி ஆறு தொகைகளையும் விளக்கச் சொன்னது. கை தானாக ஓடியது. பக்கம் பக்கமாக நிரப்பி, அன்மொழித்தொகையையும் முடித்து, வெற்றிவீரனைப்போல நிமிர்ந்தேன். மேற்பார்வைக்கு நின்ற டீச்சர் குனிந்து பார்த்தார்.

"நல்ல கையெழுத்து, சாரே. பக்ஷே, இது தமிழ் பரீட்சையல்லே?"

பார்த்தேன். சொல்லெல்லாம் சுத்தத் தமிழ், எழுத்தெல்லாம் மலையாளம். எங்கள் பக்கத்தில் பலருக்கு வாய் தமிழ், கை மலையாளம். மலையாளப் பள்ளியில் படித்தவர்கள் அவசரமென்றால் தமிழையும் அந்த எழுத்தில்தான் கிறுக்குவோம். இலக்கணத்தையும் அப்படிக் கிறுக்கிப் படித்தவன் நான்.

"வேற பேப்பர் தாங்க, டீச்சர்!"

"இனி சமயமில்ல, சாரே. வேகம்!"

மிச்சமிருந்த பக்கங்களில் தமிழெழுத்தில் திரும்ப எழுதினேன். நான்கு தொகை முடிந்தது. உம்மைத்தொகை பாதியில் நிற்க மணி அடித்தது.

"பழையதை வெட்டிக் களையணும்," என்றார் டீச்சர். விதி அது. பேனாவை எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு கோடு, அதுவும் முடி அளவு மெலிதாக, எழுத்து ஒன்றும் கெடாமல் இழுத்தேன்.

"இது வெட்டோ?" என்று அவர் சிரித்தார்.

"வெட்டாக்கும்," என்றேன்.

முடிவு இன்னும் வரவில்லை. இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன். தாள் திருத்துகிறவர் எங்கள் பக்கத்துக் குளத்தூர்க்காரராகவோ காஞ்சிரங்குளத்துக்காரராகவோ இருந்துவிட்டால், கோட்டுக்கு அடியில் இருப்பதையும் வாசித்துவிடுவார். மதுரைக்காரர் என்றால் தீர்ந்தது.