ஸ்டெல்லா அக்காவின் ஒற்றை அறை

"ஸ்டெல்லா அக்கா காலையில தவறிட்டாங்க" என்று பங்குக் கோவிலிலிருந்து அழைத்துச் சொன்னபோது நான் பிறை நகரில், அலுவலகத்தில் இருந்தேன். அழுகைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது: எனக்கு முன் யாருக்கெல்லாம் சொன்னார்கள்? அவரை அறிந்த பங்கு மக்களே, உங்களிடம் இதை மறைப்பானேன்.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் நிர்வாகிகளாக இருந்தோம். திடீரென்று அவர் வேலையை விட்டார். கெலுகோரில் இருந்த தன் வீட்டைக் கைவிடப்பட்ட நோயாளிகளின் இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடியின் ஒற்றை அறைக்குப் போனார். காலையில் மௌன ஜெபம். பிறகு, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைத் தேடிப்போய்க் குளிப்பாட்டுவார்.

"பைத்தியமா அக்கா?" என்றேன்.

"இல்லாதவங்க வீட்டுக்கு இல்லாதவளா போனாத்தான் கதவு முழுசா திறக்குது, மேரி."

ஒருநாள் அவரோடு ஜெபத்தில் உட்கார்ந்தேன். என் மனம் அலுவலகத்துக்கும் பசார் காய்கறிக் கடைக்கும் போய்வந்தது. அவரோ, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் இருப்பவர்போல இருந்தார்.

"என்னக்கா கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல. சும்மா ஆண்டவர்கூட இருந்தேன் லா."

அந்தச் சும்மா எனக்கு வாய்க்கவேயில்லை. கடையில் விற்றிருந்தால் அன்றே வாங்கியிருப்பேன்.

முதுகுவலியோடு பாயில் படுக்கிறாரே என்று மெத்தை வாங்கிக் கொடுத்தேன். மறுவாரம் போனால், அதில் ஓர் இந்தோனேசியப் பெண். வேலையில் இடுப்பு உடைந்து, தொழிலாளர் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவள். அக்கா பாயில்தான்.

"அது உங்களுக்கு வாங்கினது லா!"

"எனக்குன்னு கொடுத்ததாலதானே நான் கொடுக்க முடிஞ்சுது?"

கோபித்துக்கொண்டு கிளம்பினேன். கோபம் மெத்தைக்காக அல்ல. அந்தப் பெண்ணின் தலையை அவர் வருடிக்கொண்டிருந்தார். என் தலையை யாரும் அப்படி வருடியதில்லை.

அடக்கத் திருப்பலியில், நெருங்கிய தோழி என்ற உரிமையோடு முன்வரிசையில் அமர்ந்தேன். திரும்பிப் பார்த்தால் கோவில் முழுக்கச் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள். அக்காவின் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி என் கையைப் பிடித்து, "அவள் என் மகள்" என்று மலாயில் சொல்லி அழுதார். என் இடத்தில் எத்தனை பேர்!

நினைவாக எடுத்துக்கொள்ள அவர் அறையில் ஒரு பொருளும் இல்லை. அதனால் அவர் குளிப்பாட்டி வந்த பாக்கியம் அம்மாவிடம் சனிக்கிழமைகளில் போகிறேன். மாடி வீட்டில் பக்கவாதத்தில் கிடப்பவர். முதல் நாள் நான் தண்ணீர் ஊற்றியதுமே முகத்தைச் சுளித்தார்.

"ஸ்டெல்லா கை வேற மாதிரி."

நெஞ்சு எரிந்தது. இன்னும் எரிகிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொறாமைதான். வாராவாரம் என்னை அந்த மாடிப்படி ஏற வைப்பதும் அதுதான்.