பத்துக்கு மூன்று வாங்கிய பூ

போட்டோக் கடை சுகந்தி அக்கா இறந்துவிட்டார் என்று, கடையில் அவருக்குக் கூடமாட உதவும் அஃப்ரின் போனில் சொன்னபோது நான் நம்பவில்லை. "நடிப்பு நல்லாருக்கு. அழுகை மட்டும் இன்னும் கொஞ்சம் பழகணும்" என்றேன். அவளுடைய ஹால்டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டதாகச் சொல்லி போன வாரம்தான் அவளை அழவைத்திருந்தேன். அதற்குப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். மறுமுனையில் கடையின் ஷட்டரை யாரோ இறக்கும் சத்தம் கேட்டது. பட்டப்பகலில் அக்கா ஷட்டரை இறக்கவே மாட்டார். அப்போதுதான் நம்பினேன். கந்தர்வக்கோட்டைக்கு ஒரு படத்தைக் கொடுக்கப் போய்த் திரும்பும்போது அக்காவின் வண்டி சறுக்கியிருக்கிறது.

அக்காவை அறிந்த உங்களுக்கு அவரது கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டையில் பாதிப் பேரின் கல்யாண ஆல்பம் அங்கே அச்சானதுதான். ஆடி மாதத்தில் கல்யாணம் இல்லை, ஆல்பமும் இல்லை. இமயமலையில் பனி உருகி உச்சிப் புல்வெளிகளில் பூப்பூக்கும் மாதமும் அதுவே. ஊரெல்லாம் ஆடித் தள்ளுபடிக்கு ஓடும்போது, அக்கா ஊரைத் தள்ளிவிட்டு மலைப்படி ஏறுவார். பூக்களைப் படமெடுத்து வந்து, கனமான பருத்தித் தாளில் தானே அச்சிட்டு, தானே சட்டம் போடுவார்.

"பேருலதான் சுகந்தம், பூவுல வாசமே இல்லையேக்கா" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வாசம் வேணும்னா பூக்கடையில போயி மொழம் போட்டு வாங்கு. இங்கிட்டு வந்தா கண்ணை மட்டும் வச்சுப் பாரு."

"சும்மா படம் காட்டாதீங்கக்கா."

"பொழப்பே அதுதான்டா. நான் செவுத்துல பூ சுத்துறேன், நீ காதுல சுத்துற."

பதிலுக்குப் பதில் பேசி என்னை வாயடைக்க வைத்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். அதற்காகவே டியூஷன் முடிந்ததும் நேராகக் கடைக்குப் போவேன். எனக்கு முன்னால் அஃப்ரின் வந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கென்று ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை ஆணியில் தொங்கும். அச்சுத் தாளில் வியர்வை பட்டால் கறை விழும் என்பதால், கையுறை போட்டவர்தான் தாளைத் தொடலாம். நான் தொடப்போனால், "கைய ஒடச்சிருவேன், அங்கிட்டே நில்லு" என்பார் அக்கா. அவளைப் பார்த்து, "மூலையைப் புடிம்மா" என்பார். அந்த 'ம்மா'வைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

எரிச்சலின் உச்சம் நீலப் பூ. பாறை இடுக்கில் ஒற்றையாக நிற்கும் மலைக் கசகசாப் பூ. இதழ் பட்டுத் துணி போலக் கசங்கியிருக்கும். அஃப்ரினின் பிறந்தநாளுக்கு அக்கா அதைக் கொடுத்தார். எனக்கும் அதேதான் வேண்டும் என்று கேட்டேன். "ஒனக்கு இன்னும் பூக்கலடா" என்றார். இரண்டு ஆடி போயும் எனக்குப் பூக்கவில்லை.

ஒவ்வொரு பூவிலும் பத்துப் பிரதிதான் அச்சிடுவார், பதினொன்றாவது கிடையாது. எத்தனையாவது பிரதி என்று படத்தின் அடியில் பென்சிலால் எழுதுவார். மூன்றாவது என்றால் 3/10. ஆலங்குடியிலிருந்து வந்த எண்ணெய் செக்கு முதலாளி ஒருவர் நீலப் பூவைக் கண்டு மயங்கி, கீழே பார்த்ததும் முகம் சுருங்கினார்.

"ஏம்மா, இம்புட்டு அழகா இருக்கு, பத்துக்கு மூணுதானா போட்டுருக்கீங்க?"

"அது மார்க் இல்லண்ணே. பத்துல இது மூணாவது படம்."

"அப்ப மூணாவது ரேங்க். சரி, மொத ரேங்க்கை எடுத்துக் காட்டுங்க."

"அது வித்துப்போச்சுண்ணே. எல்லாம் ஒண்ணுதான்."

"அது எப்புடிம்மா ஒண்ணாகும்? சொவத்துல மாட்டுறது, நாலு பேரு பாப்பாக. பாஸ் மார்க்காச்சும் இருக்க வேணாமா?"

அக்கா சட்டம் எடுக்க உள்ளே போனார். நான் பென்சிலை எடுத்து அந்த மூன்றுக்கு இடப்பக்கம் இரண்டு வளைவு போட்டேன். மூன்று எட்டானது. "இப்பத்தான் சரியாத் திருத்திருக்கீங்க!" என்று செக்குக்காரர் பணத்தை எடுத்தார். திரும்பி வந்த அக்கா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செக்குக்காரரிடம் உண்மையைச் சொல்லி, கும்பிட்டு அனுப்பிவைத்தார். பிறகு என்னிடம், "எட்டு ஏற்கெனவே அஃப்ரின் வீட்டுல தொங்குதுடா. இப்ப ஊருக்குள்ள ரெண்டு எட்டு. எது பொய்யின்னு கேட்டா அந்தப் புள்ள என்ன சொல்லும்?" என்றார். நான் போட்ட வளைவை அவர் அழித்தபோது, ரப்பர் பட்ட இடத்தில் தாள் பஞ்சாகக் கிளம்பியது. அந்தப் படத்தை அவர் விற்கவே இல்லை. அப்போதும் எனக்கு வருத்தம், அவர் அஃப்ரினுக்காகப் பேசியதில்தான்.

போன ஆவணியில் ஒருநாள் என் பக்கம் ஒரு படத்தை நீட்டினார். பாறையோடு பாறையாகப் படிந்த செடி, அதில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் பூக்கள். நீலமும் இல்லை, பட்டும் இல்லை.

"காத்து பேயா அடிக்கிற எடம். தலையத் தூக்குனா ஒடிச்சிரும். இது மட்டும் தரையோட கெடந்து சிரிக்கும். பாத்ததும் ஒன் நெனப்புதான்."

கீழே பார்த்தேன். எண்ணே இல்லை. 'ஏ/பி' என்று இரண்டு ஆங்கில எழுத்துகள்.

"எனக்கு நம்பர் கூடக் கெடையாதாக்கா?"

"நம்பர் குடுத்தா நீதான் திருத்திருவியே. இதைத் திருத்து பாப்போம்."

"இதென்ன, அட்டெண்டன்ஸா? ஆப்சென்ட்டா, பிரசென்ட்டா?"

அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்புடியே வச்சுக்கடா."

டியூஷனுக்கு மட்டம் போடுவதைக் குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று மார்க்குக்கும் தகுதியில்லாதவன் என்கிறார் என்று நினைத்து, படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவுக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

அக்காவை எடுத்த அன்று கூட்டம் தெரு கொள்ளவில்லை. ஆலங்குடிச் செக்குக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அதிலும் எனக்குப் பொறாமை. நான் செத்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், பாடையைத் தட்டி "எந்திரிடா" என்பார்கள். வீட்டில் அக்காவின் போட்டோவுக்கு மாலை போட்ட யாரோ, பக்கத்தில் மாட்டியிருந்த பூப்படத்துக்கும் பொட்டு வைத்து மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார்கள். பூவுக்கே பூ வைத்த கூத்தைச் சொல்லிச் சிரிக்க அக்காவைத் தேடினேன்.

பதினாறாம் நாள் கடையில் அவர் கொடுத்த படங்களை எல்லோரும் கொண்டுவந்து மாட்டினோம். என் படத்தை வாங்கிய அஃப்ரின் அதன் அடியைப் பார்த்ததும் மாட்டாமல் என் பக்கம் திரும்பினாள்.

"இது ஒனக்கு எப்படிடா கெடச்சுச்சு?"

"குடுத்தாங்க. அட்டெண்டன்ஸ்."

"லூசு. ஏ/பின்னா ஆர்ட்டிஸ்ட் புரூஃப். மொதல்ல இதைப் போட்டுட்டு, மத்த பத்தையும் இதை வச்சுத்தான் ஒத்துப் பாப்பாங்க. இது அக்காவோடது. வெலைக்குக் கேட்டாலே வைவாங்க. நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா?" மாட்டியிருந்த தன் படத்தைக் கழற்றி நீட்டி, "மாத்திக்கலாமா? என் நீலத்தை எடுத்துக்க" என்றாள்.

இரண்டு ஆடியாக நான் ஏங்கிய வார்த்தை. "மாட்டேன்" என்றேன்.

நீலம் இன்னும் வேண்டும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தரையோடு கிடந்து சிரிக்கும் பூவும், என்னால் திருத்த முடியாத இரண்டு எழுத்துகளும். இப்போது அது என் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. காலையில் கண் விழித்ததும் முதல் எழுத்துதான் தெரிகிறது, ஆப்சென்ட். எழுந்து கிட்டே போய், பூவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றால், இரண்டாவதும் தெரிகிறது.