கையுறைக் கயிற்றைக் கட்டியவன் நான்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதற்கப்புறம் என்னவெல்லாம் கட்டினேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக்கில் நாலறை வீடு. இரண்டு பெண்கள், ஒருத்தி மருந்தாளர், இன்னொருத்தி ஆசிரியை. கப்பல் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஓர் ஓய்வறை. அது வருவதற்கு முன்னால் நாங்கள் கன்டெய்னர் நிழலில்தான் சாப்பிட்டோம், நிழல் நகர நகரப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு நாங்களும் நகர்வோம். அந்த ஓய்வறையில் குளிர்ந்த தண்ணீர் இயந்திரம். வழுக்காத பூட்ஸ். தொழிற்சங்கக் கிளையில் நான்கு மொழியில் அறிவிப்பு ஒட்டும் பழக்கம். இத்தனைக்கும் பின்னால் என் தொண்டை இருக்கிறது. மேசையைத் தட்டிய கையும் இதே கைதான்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது ஒரு கயிறு. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதில் யாருடைய பேரும் வராது. ஒருவர் பேரைப் போட்டு இன்னொருவர் பேரை விட்டால் அப்புறம் தேக்கா சந்தையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க ஆள் இருக்காது.

போன மாதம் துவாஸ் துறைமுகத்தில் புதிதாக ஓர் ஓய்வறை திறந்தார்கள். ஓய்வுபெற்ற எங்களையும் சங்கக் கிளை பஸ் வைத்து அழைத்துப் போனது. உள்ளே நுழைந்ததும் சுவரோரம் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் என் கயிறு! நீல நைலான் கயிறு, அதில் வரிசையாகப் பழைய இடது கைக் கையுறைகள். கீழே பித்தளைப் பலகையில் நான்கு மொழியில் எழுதியிருந்தது. தமிழைப் படித்தேன். “கையுறைக் கயிறு. உறுப்பினர்களின் கூட்டு யோசனை.” சரி, ஆங்கிலத்தைப் பார்ப்போம் என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதிலும் நான் இல்லை. மலாயிலும் இல்லை. சீனம் எனக்குத் தெரியாது. ஒருவேளை அதில் இருப்பேனோ என்று ஒரு நிமிடம் நப்பாசை.

கிளைச் செயலாளர் ஒரு சின்னப் பெண், என் இளைய மகள் வயது. கையில் தட்டோடு வந்தார்.

“என்ன அங்கிள், இங்கேயே நிக்கிறீங்க? பிரியாணி ஆறுது லா.”

“பலகைல ஒண்ணு விட்டுப்போச்சும்மா.”

“ஐயோ, ஸ்பெல்லிங்கா?”

“இல்ல. நான்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் தட்டைக் கீழே வைத்தார். “அங்கிள், நான் பழைய மினிட்ஸ் புக்க பாத்துத்தான் எழுதுனேன். ‘உறுப்பினர்கள் எல்லாருமா சொன்னது’ன்னு இருக்கு. உங்க பேரு எங்கயும் இல்ல. அப்ப கூட இருந்தவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும், கமிட்டில பேசி பலகைய மாத்திடலாம்.”

கூட்டத்தில் பேசியதைக் குறித்துவைக்கும் மினிட்ஸ் புத்தகத்தில் என் பேர் இல்லைதான். ஏன் இல்லை என்பதுதான் கதை.

எங்கள் வேலை லேஷிங். கப்பல் தளத்தில் கன்டெய்னர்களை அடுக்கடுக்காக வைத்து, இரும்புக் கம்பிகளால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கப்பல் கரைக்கு வந்ததும் நாங்கள் மேலே ஏறி அந்தக் கட்டுகளை அவிழ்க்க வேண்டும். நாங்கள் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கிரேன் கன்டெய்னரைத் தூக்கலாம். அடுக்குகளுக்கு நடுவே இருப்பது ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் சந்து. அதற்குள் ஒருவன் நின்றால் வெளியே இருப்பவனுக்குத் தெரியாது.

என்னோடு முப்பது வருடம் ஜோடியாக ஏறி இறங்கிய மலாய்க்காரர் ஒருவர் உண்டு. என்னைவிட ஒரு வயது மூத்தவர், அதனால் அவரை மலாயில் அண்ணன் என்று, ஆபாங் என்று கூப்பிடுவேன். என்னோடு பழகியே தமிழ் கற்றுக்கொண்டவர். நான் கெட்ட வார்த்தையை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன், மற்றதை அவராகக் கற்றுக்கொண்டார். ஒரு பிற்பகல், துருப்பிடித்த கம்பி ஒன்றோடு அவர் சந்துக்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கீழே தலைகளை எண்ணியவர், பக்கத்துக் கும்பலின் ஆள் ஒருவனையும் சேர்த்து எண்ணிவிட்டு, கணக்கு சரி என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டார். கிரேன் தூக்கியது. ஆபாங்கின் ஹெல்மெட்டுக்கு ஒரு முழம் மேலே கன்டெய்னர் ஆடிக்கொண்டு போனது. அவர் குப்புறப் படுத்துக்கொண்டார்.

கீழே வந்ததும் கோப்பி கேட்டார். நான்தான் வாங்கிவந்தேன். இரண்டு மிடறு குடித்துவிட்டுச் சொன்னார். “என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாத, தம்பி. நாளைலேர்ந்து அவளும் கூட ஏறி வருவா.”

அந்த வெள்ளிக்கிழமை தோ பாயோ கோயிலுக்கு என் மனைவியோடு போயிருந்தேன். நான் முதலில் வெளியே வந்துவிட்டேன். இவள் போய்விட்டாளா, உள்ளே இருக்கிறாளா என்று தேடவே இல்லை. செருப்பு வைக்கும் இடத்தைப் பார்த்தேன், அவள் செருப்பு கிடந்தது. ஆள் உள்ளேதான். அங்கேயே எனக்குப் பொறி தட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கப்பலில் ஏற முடியாது. ஆனால் எங்களிடம் வேறொன்று குவிந்து கிடந்தது.

கம்பியைத் திருகித் திருகி எங்களுக்கு வலது கைக் கையுறைதான் முதலில் கிழியும். புது ஜோடி வாங்கும்போது இடது கைக் கையுறை நல்லாவே இருக்கும். தூக்கிப்போட மனசு வராமல் எல்லோருடைய லாக்கரிலும் ஒரு மூட்டை இருக்கும். கப்பல் ஏணியடியில் ஒரு கயிற்றைக் கட்டினேன். ஏறுகிறவன் தன் பழைய இடது கையுறையை அதில் மாட்டிவிட்டு ஏற வேண்டும், இறங்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையுறை தொங்கினாலும் கிரேன் அசையக் கூடாது. படித்த எஞ்சினியர் எவனுக்காவது தோன்றியதா இது? எனக்குத்தான் தோன்றியது.

எங்கள் கும்பலில் தமிழன், மலாய்க்காரர், சீனர், பங்களாதேஷ்காரர் எல்லோரும் உண்டு, ஒருவர் எழுத்து இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் பேருக்குப் பதில் படம் வரைந்தோம். ஆபாங் ஒரு மீன் போட்டார். புதுக்கோட்டையிலிருந்து வந்த ஒருவர் ஜல்லிக்கட்டுக் காளை வரைந்தார்.

“ஆடு நல்லாருக்கு,” என்றேன்.

“அண்ணே, அது காளை.”

“கொம்பெல்லாம் எங்கப்பா?”

“கையுறைல இடம் பத்தலண்ணே!”

நான் ஒரு மீசை வரைந்தேன், என்னுடையதைப் போலவே முறுக்கி.

இரண்டு வாரம் கயிறு ராஜா மாதிரி வேலை செய்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, கப்பலில் வேலை முடிந்து எல்லோரும் இறங்கியாயிற்று, ஆனால் கயிற்றில் ஒரு கையுறை படம் தெரியாமல் திரும்பித் தொங்குகிறது. கிரேனை நிறுத்திவிட்டார்கள். “எவன்டா மேல இருக்கான்?” என்று கத்தியபடி நானே முதலில் ஏறினேன். சந்து சந்தாக நுழைந்து விசில் ஊதினேன். அரை மணி நேரம். கீழே இறங்கி வந்தால் புதுக்கோட்டைக்காரர் கையுறையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அண்ணே.”

“என்னய்யா?”

“மீசை போட்டிருக்கு.”

உடைந்த கம்பி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். என் கையுறையை எடுக்கவில்லை. என்னை நானே அரை மணி நேரம் கப்பல் முழுக்கத் தேடியிருக்கிறேன். உலகத்தில் வேறு யார் இதைச் சாதித்திருக்கிறார்கள், சொல்லுங்கள்!

அதற்குள் எங்கள் கான்ட்ராக்டரின் மேனேஜர் வந்துவிட்டார். காத்தோங் பக்கத்து யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் தமிழே இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். ஆபாங் சட்டென்று என் கையுறையைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டார்.

“ஒரு கையுறைக்காக கிரேனை நிப்பாட்டினதோ? இது துறைமுகமா, தோபிக்கடையா? உந்தக் கயிற்றை அவிழ்த்துக் குப்பையில போடுங்கோ,” என்றார் மேனேஜர். அவிழ்த்தார்கள், போட்டார்கள்.

எனக்கு அப்போது அறுபத்திரண்டு முடிந்திருந்தது. அந்த வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம், அந்த மாதம்தான் என்னுடையது புதுப்பிக்க வேண்டும். வாயைத் திறந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன். இளைய மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் எல்லோரும் கூடினோம். கிளைக்காரர்களும் வந்தார்கள். ஆளாளுக்குக் கொதித்தார்கள். ஆபாங் மட்டும் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் டீயை இழுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார். “கப்பல்ல எத்தன பேருன்னு மேனேஜருக்கு எப்பவும் தெரியணும்னு இதுல போட்டிருக்கு. தெரியட்டும் லா. நாம வேலைய நிறுத்த வேணாம். ஏறும்போது ஒவ்வொருத்தனா ஆபீசுக்குப் போய் சொல்வோம். இறங்கும்போதும் போய் சொல்வோம்.”

கிளைக்காரர்கள் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இதில் ஒரு தப்பும் இல்லை என்றார்கள். இந்த யோசனை ஆபாங்குடையது. அடுத்தவன் பெருமையை நான் எடுத்துக்கொள்கிறவன் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறை வாசலில் வரிசை.

“சார், மேல போறேன்.”

“போங்கோ.”

“எழுதிக்குங்க சார்.”

அடுத்தவர். அதற்கடுத்தவர். கடைசி ஆளை எழுதி முடிப்பதற்குள் முதல் ஆள் திரும்பி நிற்கிறார்.

“சார், இறங்கிட்டேன்.”

“அதுக்குள்ளயா?”

“டாய்லெட்டுக்கு சார்.”

“அதை ஏன் எனக்குச் சொல்றீங்கள்?”

“உங்களுக்குத் தெரியணும்னு ரூல் இருக்கு சார்.”

பக்கத்துத் துறையில் ஒரு சீனக் கும்பல். ஒரு மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்ற சண்டையில் இரண்டு வருடமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் தலைவர் வந்து வரிசையைப் பார்த்தார், என்ன விஷயம் என்று கேட்டார், ஆபாங் சொன்னார். அந்தத் தலைவர் போய்த் தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்து எங்கள் பின்னால் நிறுத்தினார். அதைப் பார்த்தபோது என் மீசை துடித்தது, கண்ணும் கொஞ்சம் கரித்தது. வெயில்தான் காரணம் என்று ஆபாங்கிடம் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் மேனேஜரின் நோட்டில் ஒன்பது பக்கம் முடிந்திருந்தது. காலையில் வாங்கிய கோப்பி தொடாமல் ஆடை கட்டியிருந்தது. எழுந்து வெளியே வந்தார்.

“அந்தக் கயிறு எங்கே?”

“குப்பையில போடச் சொன்னீங்களே சார்,” என்றேன்.

ஆபாங் தன் பையைத் திறந்து கயிற்றை எடுத்து நீட்டினார். சனிக்கிழமையே குப்பைத் தொட்டியைக் கிளறி எடுத்து, துவைத்தும் வைத்திருந்தார்.

அன்று சாயந்திரம் கிளையும் மேனேஜரும் உட்கார்ந்து பேசினார்கள். நாங்கள் சுற்றி நின்றோம். கயிறு இனி எல்லாத் துறைக்கும் என்று முடிவானது. மேனேஜர் பேனாவைத் திறந்தார். “இது ஆருடைய யோசனை? அறிக்கையில எழுத வேணும்.”

நான் நெஞ்சை நிமிர்த்தித் தொண்டையைச் செருமினேன். அந்த நொடியில் ஆபாங் தன் பூட்ஸ் காலால் என் காலை மிதித்தார். இரும்பு வைத்த பூட்ஸ்! என் வாயிலிருந்து பேருக்குப் பதில் “ஆ” என்றுதான் வந்தது.

“எல்லாரோடதும் சார்,” என்றார் ஆபாங்.

“ஆமா சார், எல்லாரோடதும்,” என்றார் புதுக்கோட்டைக்காரர். ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். என் ஒப்பந்தம் மேசையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மினிட்ஸில் அப்படியே ஏறியது. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது, அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஏறி இறங்கினேன்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். அதே திறப்பு விழாவில், பிரியாணி மேசையில், பழைய மேனேஜர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் புகாரைச் சொன்னேன்.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றார்.

“எப்படி சார்?”

“அவர் கையுறையைப் பையில வைக்க முந்தியே மீசையைக் கண்டிட்டன். முழுத் துறைமுகத்திலயும் அப்படி மீசை ஆருக்கு இருக்கு? திங்கட்கிழமை அறிக்கையில உங்களைப் பாராட்டி எழுதத்தான் கேட்டனான். நீங்கள் ‘ஆ’ எண்டு கத்தினீங்கள்.”

பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆபாங்கைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நல்லதுக்குத்தான் மிதிச்சேன், தம்பி. கொஞ்சம் பலமா விழுந்திருச்சு லா.”

கமிட்டி அடுத்த வாரம் கூடுகிறது. சாட்சி சொல்ல மேனேஜர் வருகிறார். மிதித்தவரும் வருகிறார். புதுக்கோட்டைக்காரர் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிவிட்டார், அதில் தன் படம் காளைதான் என்பதையும் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்.

அன்று என் பேரை மறைத்தது என் சோற்றைக் காப்பாற்ற. மறைத்தவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன். இப்போது என் ஒப்பந்தத்தை யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே கமிட்டியாரே, பலகையை மாற்றுங்கள். வரிசை ஆபாங்குடையது, நின்றது எல்லோரும், கயிறு என்னுடையது. மூன்றையும் போடுங்கள், என்னுடையதை முதல் வரியில் போடுங்கள். இந்தப் பக்கங்களில் நான் எழுதாமல் விட்ட என் பேரை அந்தப் பித்தளையில் நான்கு மொழியிலும் எழுதுங்கள். இடம் பற்றாது என்று மட்டும் சொல்லாதீர்கள். பற்றாவிட்டால் ஒரு மீசை வரையுங்கள், நன்றாக முறுக்கி.