கடலுக்குக் கட்டிய கட்டு

இன்று காலை கட்டுகஸ்தோட்டை ஆற்றங்கரையில், நான் வேலை செய்யும் துரையின் உல்லாசப் படகைத் தயார் செய்தேன். தூண்டில் தடிகளை இருக்கைப் பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். கொக்கிகளைத் தக்கையில் குத்தி, இரை வைத்த தகரப் பேணியை மூலையில் செருகினேன்.

நடு ஆற்றில், பக்கத்திலேயே பெரிய மீனொன்று துள்ளியது. துரை தடியை இழுத்தார். வரவில்லை. நான் கட்டை அவிழ்ப்பதற்குள் மீன் போய்விட்டது.

துடுப்புப் போடும் தங்கையா சிரித்தான். "என்னாண்ணே, மகாவலியிலயா அலை அடிக்குது? இந்தக் கட்டு கட்டியிருக்கீங்க!"

"ஓம் தம்பி, பிழைதான்."

அது அலையில் சாமான் போகாமலிருக்க மன்னாரில் நாங்கள் போடும் கட்டு. கடலை விட்டு வந்து ஆறு வருடம். கைக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

துரை இன்னும் என்னோடு பேசவில்லை. அது கிடக்கட்டும். ஊரில் இருப்பவர்கள் எழுதுங்கள்: இன்று அங்கே அலை எப்படி?