தலைவருக்கு ஒதுக்கிய நாற்காலி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பொய் சொல்லி இனி எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. இது என் தம்பி உக்கிரபாண்டிக்கு நடந்தது. அன்று வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அவனே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வருஷம் 1981. திருமங்கலத்தில் அம்மா, நான், அவன் என்று மூன்று பேர். கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். வேலை போக மிச்ச நேரமெல்லாம் நடிகர் தேவமாறனுக்குத்தான். ரசிகர் மன்றம், தட்டி, தோரணம் என்று அலைவான். அம்மா ஏசுவாள்: "சம்பாதிக்கிறது அம்புட்டும் அந்தாளு கட்அவுட்டுக்குப் போகுது. நான் செத்தா கொள்ளி வைக்கவும் அவரையே கூப்பிட்டுக்கிறேன், போ."

அந்த வருஷம் தேவமாறன் படப்பிடிப்பில் மயங்கி விழுந்தார். பிழைப்பதே சந்தேகம் என்று பத்திரிகைகள் எழுதின. தம்பி சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான். பிறகு ஒருநாள் எழுந்து போய், எங்கள் குலசாமி கருப்பன் முன்னால் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். "என் வீட்டு ஆயுசை எடுத்து அவருக்குக் குடு சாமி."

எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. என் ஆயுசு என்று மட்டும் சொல்லியிருக்கலாம். தனக்கென்று தனியாக எதையும் வைத்துப் பழகாதவன் அவன்.

சில வாரங்களில் தலைவர் தேறிவிட்டார் என்று செய்தி வந்தது. தம்பி மொட்டை போட்டுக்கொண்டான். ஏற்கெனவே எடுத்து முடித்திருந்த படம் ஒன்றும் வந்தது.

மதுரையில் முதல் நாள், மாலைக் காட்சி. அவர்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் ஒரு நாற்காலி தலைவருக்கு. டிக்கெட் எடுத்து, மாலை போட்டு, காலியாக விடுவார்கள். பக்கத்து நாற்காலி அந்தத் தடவை தம்பிக்குக் கிடைத்தது.

"மாப்ள, காவலு நீதான். எவனையும் உக்கார விடாத," என்றான் மன்றச் செயலாளர் நல்லகாமன்.

"தலைவரே வந்தா?"

"வந்தா என் சீட்டையும் சேத்துக் குடு. நான் தரையில உக்காந்துக்கிறேன்."

விளக்கு அணைந்தது. திரையில் தலைவர் பெயர். விசில், சில்லறை, கிழித்த காகிதம்... கூரை பிய்ந்துவிடும் போல இருந்தது. தம்பி நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினான். ஆடி முடித்து உட்கார்ந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்தது.

தலையில் துண்டு. வெள்ளைச் சட்டை. சட்டையைப் பிடித்து எழுப்பத்தான் திரும்பினான்... நீட்டிய கை அப்படியே நின்றது.

தேவமாறன்.

யாருக்கும் தெரியாமல் ரசிகர்களோடு படம் பார்க்க வந்திருக்கிறார். கத்தினால் கூட்டம் மேலே விழுந்துவிடும். தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. கையிலிருந்த முறுக்கில் பாதியை உடைத்து நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார். தின்னவில்லை.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது.

மணிக்கட்டில் பிளாஸ்திரி. காலில் செருப்பு இல்லை. திரை வெளிச்சம் எல்லார் முகத்திலும் மாறி மாறி அடித்தது... அவர் முகத்தில் மட்டும் மாறவில்லை.

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. தம்பியின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதானா?"

"ஆமா தலைவரே."

"வீட்ல எத்தனை பேரு?"

"மூணு பேரு தலைவரே. அம்மா, அக்கா, நானு."

கொஞ்சம் யோசித்தார்.

"போதும்."

கையைப் பிடித்தார்.

சூடம் எரிகிற வாசனை...

தம்பி மூச்சை விட்டான். அவர் இழுத்தார்.

மறுபடி விட்டான். மறுபடி இழுத்தார்.

தம்பிக்குத் திரும்ப இழுக்க வரவில்லை.

டிரிங்ங்ங்...

இடைவேளை. வெளிச்சம்.

நாற்காலி காலி. மாலையில் ஒரு பூக்கூட நசுங்கவில்லை. பாதி முறுக்கு மட்டும் இல்லை. கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தில் மணி ஏழு ஐம்பது.

"யாருகிட்டடா பேசிக்கிட்டிருந்த?" என்றான் நல்லகாமன். "உனக்கு ஏன் இப்பிடி மூச்சு வாங்குது?"

வீட்டில் இதைக் கேட்ட அம்மா அன்றைக்கு அவனை ஏசவில்லை. "நம்மளப் பத்தியா விசாரிச்சாரு!" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் கையை விரித்துக் காட்டினான். ஆறிப்போன தழும்பின் மேல் புதுக் கொப்புளம்.

அந்த வாரமே ஓர் இரவு படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. மூச்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து தேவமாறன் மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்று சாயங்காலம் அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள், "என்னடி, உள்ளங்கை இப்பிடி எரியுது?" விடிந்தபோது அம்மா இல்லை. அவர் பிழைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஒரு வார இதழில் அவருடைய பேட்டியைப் படித்தேன். முதல் தடவை தேறிவிட்டதாக வந்த செய்தி பொய்யாம். படம் ஓட வேண்டுமே என்று சொல்லி வைத்தார்களாம். படம் வெளியான அன்று மாலை ஏழு ஐம்பதுக்கு அவருக்கு மூச்சே நின்றிருந்ததாம். 'அப்போது ஒரு கனவு கண்டேன். எந்த ஊர் என்று தெரியவில்லை. ஏதோ ஒரு தியேட்டர். மொட்டைத் தலைப் பையன் ஒருவன் எனக்கு முறுக்கு கொடுத்தான். நான் விழித்தபோது என் கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. எங்கிருந்து வந்தது என்று நர்ஸ்களுக்கே புரியவில்லை,' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

இன்று காலை ரேடியோவில் சொன்னார்கள். தேவமாறன் நிலைமை கவலைக்கிடம்.

தெருமுனையில் மன்றத்துப் பையன்கள் தேங்காய் உடைக்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நல்லகாமன் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, தலைவருக்காக நீங்களும் ஒரு சூடம் ஏத்துங்கக்கா. அவன் இருந்தா ஏத்தியிருப்பான்ல?"

"நான் ஏத்த மாட்டேம்ப்பா. போயிட்டு வா."

ஏற்றவில்லை. வீட்டில் சூடமே கிடையாது.

உள்ளங்கை எரிகிறது...