பள்ளிக்குச் செல்லாத சிறுமி

எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு சென்னையில் ஒரு பாடநூல் நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்தேன். தனியார் பள்ளிகளுக்குப் புத்தகமும் பயிற்சி நூலும் போடுகிற நிறுவனம். பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் ரயில் பிடித்துப் போவேன். எழுத்துப் பிழை பார்ப்பது, கேள்விக்கும் விடைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது, எடிட்டர் மேடம் சொல்கிற எதையும் ஓடிப்போய்ச் செய்வது. இவைதான் வேலை. எனக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் பார்த்தும் தப்பிவந்த ஒரு பிழையை நான் பிடித்துச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டால் அன்று முழுக்க மிதப்பாக இருக்கும்.

மூன்றாம் வகுப்புப் புத்தகத்துக்குக் கடற்கரைப் படங்கள் தேவைப்பட்டன. மேடம் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத, எல்லோரையும் ‘அம்மா’ போட்டுப் பேசுகிற மனுஷி.

“நீ பழவேற்காடு பக்கம்தானேம்மா? உங்க ஊர்லயே எடுத்துடலாமா? வெளியில வாங்குனா எல்லாம் கேரளா படமாவே கிடைக்குது.”

எங்கள் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். எங்கள் கரை புத்தகத்தில் வரப்போகிறது என்று வீட்டில் சொன்னேன். அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம். மாமா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அக்கா கருவாடு போடுகிறாள். அவர்களுடைய மகள் அப்போது மூன்றாம் வகுப்புதான் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வேலை நாளில் மேடமும் போட்டோகிராஃபரும் காரில் வந்தார்கள். வலை, படகு, கரையில் ஏலம், எல்லாம் எடுத்தார்கள். மதியம் அக்கா நண்டுக் குழம்பும் இறால் வறுவலும் செய்து சோறு போட்டாள். மேடம் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான் அழைத்துப் போனேன். போட்டோகிராஃபர் இன்னும் சில படங்கள் வேண்டுமென்று கரையிலேயே நின்றுவிட்டார்.

திரும்பி வந்தபோது, பள்ளி விட்டு வந்திருந்த அக்காவின் மகள் வீட்டு வாசலில் நின்றாள். காலையில் அக்கா எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய தலை பறட்டையாகக் கிடந்தது. உடம்பில் யூனிஃபார்ம் இல்லை. கையோரம் கிழிந்த ஒரு பழைய கவுன்.

“இன்னாடி இது?”

“சித்தி, அந்த அங்கிள்தான் யூனிஃபார்ம் வோணாம்னாரு. தலைய அவரே கலைச்சிவுட்டாரு. வலை மேல குந்திக்கினு சிரிக்காம பாருன்னாரு.”

போட்டோகிராஃபரைக் கேட்டேன். “விளையாடிட்டு வந்த மாதிரி நேச்சுரலா இருக்கட்டும்னுதான்” என்று சிரித்தார். நம்பினேன். அக்கா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தலையைப் பின்னிவிட்டாள்.

சில வாரங்களில் புரூஃப் வந்தது. தொழில்கள் பாடத்தில் மாமா படகோடு நின்றார். நன்றாக இருந்தார். அடுத்த பாடம் ‘கல்வி நம் உரிமை’. அதில் பாதிப் பக்கத்துக்கு எங்கள் பெண். கீழே இப்படி எழுதியிருந்தது: ‘பள்ளிக்குச் செல்லாத சிறுமி. மீனவப் பெற்றோர் கல்வியின் அருமையை அறியாததால் இவளை வேலைக்கு அனுப்பிவிட்டனர்.’ அதன் கீழே பயிற்சி: ‘இவளுக்கு நீ எவ்வாறு உதவுவாய்? எழுதுக.’

என் வேலை எழுத்துப் பிழை பார்ப்பது. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் மேடத்தின் மேஜையில் வைத்தேன்.

“மேடம், இது என் அக்கா பொண்ணு. இவ ஸ்கூலுக்குப் போறா. இதே மூணாங்கிளாஸ். நீங்க இவங்க வீட்லதான் சாப்பிட்டீங்க.”

அவர் பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “இது ஒரு உதாரணத்துக்குப் போடுறதும்மா. அந்தப் பொண்ணையே சொல்றதில்ல. பர்சனலா எடுத்துக்காத.”

“அவ மூஞ்சி இருக்கு மேடம்.”

“யாருக்குத் தெரியப் போவுது? இந்த புக் வாங்குற ஸ்கூல் எதுவும் உங்க ஊர்ல கிடையாதே.”

கத்தாமல், வலிக்காமல், டீ குடித்துக்கொண்டே சொன்னார். அதுதான் இன்றைக்கும் என்னைக் கொதிக்க வைக்கிறது. எங்கள் ஊரில் யாரும் அந்தப் புத்தகத்தைப் பார்க்க மாட்டார்கள், அதனால் எங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். மேடம் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அக்கா வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

“எம் பொண்ணு இஸ்கூலுக்கு போவாத பொண்ணா? ஒரு நாள் காய்ச்சல்னு லீவு போட்டா மிஸ்ஸு போன் பண்ணி கேக்குது. எந்த ஆபீசு அது? நாளைக்கி நானும் வரேன்.”

வந்தாள். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள், யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி, இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டி. வரவேற்பறை சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அக்கா உட்காரவில்லை. சத்தம் கேட்டு முதலாளியே வெளியே வந்தார்.

“படம் எடுக்கும்போது ஒத்துக்கிட்டீங்கல்லம்மா?”

“இன்னா ஒத்துக்கினேன்? ஊட்டுக்கு வந்தவங்கன்னு சோறு போட்டேன். இதோ நிக்கிறா பாரு, கேளு. எந்தப் பாடம் ஒப்பிக்கணும்னு கேளு!”

சிறுமி என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆபீசில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மேடம் மட்டும் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, இவங்க படத்தை எடுத்துடுங்க” என்றார் முதலாளி, யாரிடமோ சொல்வதுபோல.

“எழுதினதையும் எடுக்கணும் சார்” என்றேன். “மீனவங்களுக்குப் படிப்போட அருமை தெரியாதுன்னு யார் சொன்னது?”

அவர் என்னை முதல்முறையாகப் பார்த்தார். “நீ இன்டர்ன்தானே?”

அக்கா என் கையைப் பிடித்தாள். “நம்ம பொண்ணு படத்த எடுத்துட்டாங்க இல்ல. வா போலாம்.”

எனக்கு அக்காமேலும் கோபம் வந்தது. ரயிலில் அவளோடு பேசவில்லை. அவளோ வந்த காரியம் முடிந்தது என்று மகளுக்கு வேர்க்கடலை வாங்கி உரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவள் ஜெயித்துவிட்டாள். நான் தோற்றுவிட்டேன். ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று ஃபோன் வந்தது. இன்டர்ன்ஷிப் சான்றிதழும் கிடையாதாம்.

புத்தகம் வெளியான பிறகு ஒரு கடையில் கேட்டு வாங்கிப் பிரித்தேன். அந்தப் பக்கம் அப்படியே இருந்தது. படத்தில் வேறொரு பெண், செங்கல் அடுக்குக்கு முன்னால். ‘மீனவப் பெற்றோர்’ என்ற இடத்தில் ‘சூளைத் தொழிலாளர்களான பெற்றோர்’. மற்றபடி ஒரு எழுத்தும் மாறவில்லை. கடைவாசலில் நின்றே மேடத்துக்கு ஃபோன் போட்டேன்.

“இந்தப் பொண்ணு யாரு மேடம்? எந்த ஊரு?”

“உன் பிரச்சினைதான் தீர்ந்துடுச்சேம்மா” என்றார், அதே மெல்லிய குரலில். வைத்துவிட்டார். மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை.

இப்போது வேறொரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கிறேன். குழந்தை படம் வந்தால் யார், எந்த ஊர், என்ன எழுதப்போகிறோம் என்று அவள் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்கிறேன். பதில் வராமல் பக்கத்தை விடுவதில்லை. வேலை தாமதமாகிறது. அங்கே எனக்குச் சண்டைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.